ஸ்னாப்புக்கு முந்தைய 15 விநாடி: அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் பழகுவது எப்படி

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: ஐந்து விநாடி முட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் அரை நிமிடம் சும்மா நிற்கிறார்கள், மூன்று மணி நேரம் இதையே எப்படிப் பார்ப்பது? பந்தை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் அப்படித்தான் தெரியும். கண்ணை எங்கே வைப்பது என்று பிடிபட்டுவிட்டால் அந்த அரை நிமிடம் போதவே போதாது.

முதலில் அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். மைதானம் 100 யார்டு நீளம், இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன், அகலம் 53 யார்டும் ஓரடியும். யார்டு என்பது மூன்றடி. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ், தடுக்கும் அணி டிஃபென்ஸ். நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குமேல் உதைத்து 1 எடுக்கலாம், அல்லது 2 யார்டு கோட்டிலிருந்து இன்னொரு முறை உள்ளே போய் 2 எடுக்கலாம். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஃபீல்டு கோல், 3. ஆஃபென்ஸை அதன் சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கிவிட்டால் டிஃபென்ஸுக்கு 2; இதற்கு சேஃப்டி என்று பெயர். பின்னால் நிற்கும் காவல்காரருக்கும் சேஃப்டி என்றே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். இனி வரும் இடமெல்லாம் அந்த ஆளைத்தான் சொல்கிறோம்.

இப்போது கடிகாரம். ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததிலிருந்து அடுத்த ஸ்னாப்புக்கு, அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு, 40 விநாடி. அந்தப் பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதற்கு அடையாளமாக ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைப் புள்ளி. பயிற்சியாளர் அடுத்த பிளேயை அதில் சொல்லுவார். கடிகாரம் 15ஐத் தொட்டதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். டிஃபென்ஸிலும் ஒருவருக்கு 2008 முதல் இதே ஏற்பாடு உண்டு. ஆக, கடைசி 15 விநாடியில் யார் காதிலும் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. எதிரே நிற்கும் 11 பேரைப் பார்த்து, இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று குவார்ட்டர்பேக் தானே கணிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மானிங் கையை ஆட்டி ஆட்டி "ஒமாஹா" என்று கத்திக்கொண்டிருந்தது இந்த நேரத்தில்தான். அவர் எதைப் பார்த்தாரோ அதையே நாமும் பார்க்கப் பழக வேண்டும். வரிசை கீழே இருக்கிறது.

முதல் பார்வை: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு

திரையின் ஓரத்தில் எப்போதும் இது இருக்கும். இரண்டாவது டவுன், 4 யார்டு என்றால் ஓடலாம், எறியலாம். டிஃபென்ஸுக்குத் துப்பு கிடையாது. மூன்றாவது டவுன், 9 யார்டு என்றால் எறிந்தே ஆக வேண்டும் என்று மைதானத்துக்கே தெரியும். குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவர்கள் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்வார்கள். எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை மடக்கிவிடும் சாக்குகள் அதிகம் விழுவது இங்கேதான். மூன்றாவது டவுன், 1 யார்டு என்றால் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் தங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைச் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தி, பின்னாலிருந்து ஆள் வைத்துத் தள்ளுவார்கள். டஷ் புஷ் என்று பெயர். அதைத் தடை செய்ய 2025 மே மாதம் அணி உரிமையாளர்கள் வாக்களித்தபோது 32இல் 22 வாக்குதான் விழுந்தது, 24 வேண்டியிருந்தது. தடுக்க வழி தெரியாமல் விதியை மாற்றப் பார்த்தார்கள் என்பதே அந்த பிளேயின் பெருமை.

இரண்டாம் பார்வை: யார் யார் இறங்கியிருக்கிறார்கள்

வர்ணனையாளர்கள் "11 பெர்சனல்", "12 பெர்சனல்" என்பார்கள். முதல் இலக்கம் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் எத்தனை பேர், இரண்டாம் இலக்கம் தடுக்கவும் எறிதலை வாங்கவும் செய்கிற டைட் எண்ட் எத்தனை பேர். குவார்ட்டர்பேக்கையும் முன்வரிசையின் ஐந்து பேரையும் கழித்தால் மீதி ஐந்து இடம். அதில் இந்த இரண்டு போக எஞ்சுவது எறிதலை வாங்கும் வைட் ரிசீவர்கள். 11 என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர். 12 என்றால் இரண்டு ரிசீவர்தான், கனமான கூட்டம். 21 என்றால் ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடும் ஃபுல்பேக் ஒருவரும் சேர்ந்திருக்கிறார்.

எண்ணுவது எளிது. முன்வரிசை ஐவருக்கு 50 முதல் 79 வரை எண் இருக்கும், அவர்களை விட்டுவிடுங்கள். முன்வரிசையின் கடைசி ஆளான டேக்கிளை ஒட்டி, 80களிலோ வேறெண்ணிலோ ஒரு பெரிய உடம்பு நின்றால் பெரும்பாலும் அவர் டைட் எண்ட்.

இதற்கு டிஃபென்ஸ் என்ன பதில் சொல்கிறது என்பதே முக்கியம். மூன்று ரிசீவர் வந்தால், டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவரை வெளியே எடுத்து, ஐந்தாவது பின்காவலரை இறக்குவார்கள், அது நிக்கல். பயிற்சியாளர் கைல் ஷனஹானின் சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் இந்தக் கணக்கைக் கொண்டே வருடக்கணக்காக விளையாடியிருக்கிறது. ஃபுல்பேக் கைல் யூஸ்செக்கை இறக்கி 21இல் நிற்பார்கள். ஓடத்தான் போகிறார்கள் என்று எதிரணி கனமான லைன்பேக்கர்களை விட்டுவைக்கும். அப்புறம் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை ரிசீவர் போல ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, அவரை ஒரு லைன்பேக்கர் துரத்தட்டும் என்று எறிவார்கள். எந்த லைன்பேக்கருக்கும் அது நல்ல நாளாக இருக்காது.

மூன்றாம் பார்வை: பின்னால் எத்தனை சேஃப்டி

ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பந்துக் கோட்டிலிருந்து 12 யார்டுக்கும் அப்பால் நடுவில் ஒருவர் தனியாக நிற்கிறாரா, இரண்டு பேர் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கிறார்களா?

கவர் 1, கவர் 2 என்ற பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ஆழத்தைக் காக்க எத்தனை பேர் என்பதே அந்த எண். கவர் 1: பின்னால் ஒருவர், மற்றவர்கள் ஆளுக்கு ஆள் காவல். கவர் 3: நடுவில் சேஃப்டி, இரு ஓரத்திலும் ரிசீவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக்குகள் பின்வாங்கி ஆளுக்கு மூன்றிலொரு பங்கு. கவர் 2: இரண்டு சேஃப்டிகள் ஆளுக்குப் பாதி, முன்னால் ஐந்து பேர் குறுகிய இடங்களில். கவர் 4: நாலு பேர் கால்கால் பங்கு. கவர் 0: பின்னால் யாருமே இல்லை, ஆளுக்கு ஆள் காவல் போக மீதி எல்லாரும் குவார்ட்டர்பேக்கை நோக்கி.

ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு. கவர் 3இல் நடு சேஃப்டிக்கும் ஓரத்துக் கார்னருக்கும் இடையே நேர்கோடாக ஒரு சந்து; டைட் எண்டுகள் அதில்தான் ஓடுவார்கள். கவர் 2இல் இரண்டு ஓட்டை: இரு சேஃப்டிகளுக்கு நடுவே ஆழத்தில் ஒன்று, ஓரக்கோட்டை ஒட்டி 15 முதல் 20 யார்டில், கார்னருக்குப் பின்னும் சேஃப்டிக்கு முன்னும், இன்னொன்று. அந்த நடு ஓட்டையை அடைக்க பயிற்சியாளர்கள் டோனி டஞ்சியும் மான்ட்டி கிஃபினும் டாம்பா பே அணியில் ஒரு மாற்றம் செய்தார்கள். நடு லைன்பேக்கர் ஸ்னாப் ஆனதும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆழத்துக்கு ஓட வேண்டும். டாம்பா 2 என்று பெயர் வந்தது. சிகாகோவில் பிரையன் அர்லாக்கர் இதைச் செய்தபோது, அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு தூரம் பின்னால் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ரீப்ளேயில் பார்த்தாலும் நம்ப முடியாது.

இதற்கு நேர் எதிர் சியாட்டில் சீஹாக்ஸ். ஏர்ல் தாமஸ் ஒருவரை நடுவில் ஆழமாக நிறுத்திவிட்டு மற்றவர்களை முன்னால் கொண்டுவந்தார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை தாமஸ் ஓடி அடைப்பார் என்பதால் ரிச்சர்ட் ஷெர்மன் தன் ஓரத்தில் ரிசீவரை நெருக்கிப் பிடிக்க முடிந்தது. காம் சான்சலர் முன்னால் இறங்கி, ஓடிவருகிறவர்களை இடித்துத் தள்ள முடிந்தது. அந்தக் கூட்டணியில் அதிகம் பேசப்பட்டவர் ஷெர்மன். ஆனால் தாமஸ் இல்லையென்றால் அந்த வியூகமே இல்லை. 2014 பிப்ரவரி 2 அன்று நடந்த இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் 48இல் டென்வரை 43–8 என்று வென்றது இப்படித்தான்.

சேஃப்டியை எண்ணினால் ஓட்டத்துக்கும் விடை கிடைக்கும். இரண்டு பேர் பின்னால் போய்விட்டால் முன்வரிசைக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குள் ஆறு பேரோ ஏழு பேரோதான் மிஞ்சுவார்கள். ஐந்து பேரும் ஒரு டைட் எண்டும் சேர்ந்து ஆறு பேரைத் தடுத்துவிட்டால், ரன்னிங் பேக்குக்கு எதிரே ஆளே இல்லை. பெட்டிக்குள் எட்டுப் பேர் வந்து நின்றால் எறிய வேண்டும். குவார்ட்டர்பேக் கோட்டுக்கு வந்து திடீரென்று பிளேயை மாற்றினால் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் காரணம்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்னாப்புக்கு முன் காட்டுவதும் பின் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ வழிவந்த டிஃபென்ஸ்கள் பெரும்பாலும் இரண்டு சேஃப்டியோடுதான் நிற்கும். ஸ்னாப் ஆன அந்த நொடியில் ஒருவர் கீழே இறங்க, இன்னொருவர் நடுவுக்கு நகர, கவர் 3 ஆகிவிடும். ஆகவே இரண்டு முறை எண்ணுங்கள்: ஸ்னாப்புக்கு முன் ஒரு முறை, ஸ்னாப் ஆன முதல் விநாடியில் மறுபடி. இரண்டும் ஒத்துப்போகாதபோது குவார்ட்டர்பேக் தயங்குவதை உங்களாலேயே பார்க்க முடியும். பந்தை ஒருமுறை தட்டிக்கொள்வார், கால் ஓரடி கூடுதலாகப் பின்னால் போகும்.

தொலைக்காட்சியில் இன்னொரு தொல்லை, சேஃப்டிகள் பல நேரம் படச் சட்டத்துக்கு வெளியே இருப்பார்கள். அதற்கு வழி: தெரிகிற டிஃபென்ஸ்காரர்களை எண்ணுங்கள். 10 பேர் தெரிந்தால் பின்னால் ஒருவர். 9 பேர் தெரிந்தால் இருவர். ஐந்தாறு ஆட்டத்துக்குள் எண்ணாமலே தெரிய ஆரம்பிக்கும்.

ஒருவர் குறுக்கே நடந்தால்

ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுவார். இது மோஷன். ஸ்னாப் நேரத்தில் ஒருவர்தான் நகரலாம், அதுவும் முன்னோக்கி நகரக் கூடாது. ஓடுகிறவரைப் பார்க்காமல், எதிரே அவரைத் தொடர்ந்து யாராவது ஓடுகிறாரா என்று பாருங்கள். ஒருவர் கூடவே ஓடினால் அநேகமாக ஆளுக்கு ஆள் காவல். யாரும் ஓடாமல், எல்லோரும் கை காட்டிக்கொண்டு அரையடி ஓரடி தள்ளி நின்றால் பகுதிக் காவல். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் பாதி மோஷன்கள்.

ஸ்னாப் ஆன பிறகு: பந்தை விட்டுவிட்டு கார்டைப் பாருங்கள்

முன்வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். கார்டு நிமிர்ந்து பின்னால் போனால் எறியப் போகிறார்கள். குனிந்து முன்னால் முட்டினால் ஓட்டம். வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால், அவர் போகிற பக்கம்தான் பந்தும் போகும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சாய்ந்து ஓடினால் அது அவுட்சைடு ஸோன். ஓடுகிறவர் கூடவே ஓடி, திறப்பு தெரிந்ததும் ஒரே ஒரு வெட்டு வெட்டி மேலே ஏற வேண்டும். 1998இல் டெரல் டேவிஸ் பயிற்சியாளர் மைக் ஷனஹானின் டென்வரில் 2,008 யார்டு ஓடியது இந்த முறையில். மைக்கின் மகன்தான் மேலே சொன்ன கைல் ஷனஹான்.

பிளே ஆக்‌ஷனில், அதாவது ஓட்டம்போல் காட்டிவிட்டு எறிவதில், பந்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள். என்எஃப்எல்லில் எறிவதற்கு முன் முன்வரிசைக்காரர் ஒரு யார்டுக்கு மேல் முன்னால் போகக் கூடாது. முட்டுவதுபோல் பாவனை செய்த கார்டு கோட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டால் எறிதல் வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, எத்தனை பேர் பாய்கிறார்கள் என்று எண்ணுங்கள். நாலு பேர் வழக்கம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பிளிட்ஸ். நாலு பேரே குவார்ட்டர்பேக்கை நெருங்க முடிந்துவிட்டால், பின்னால் ஏழு பேர் காவலுக்கு மிஞ்சுவார்கள். அந்த டிஃபென்ஸை வெல்வது மிகக் கடினம். கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் தோற்ற இரண்டு சூப்பர் பவுல்களும் இதற்குப் பாடம். 2021 பிப்ரவரியில் டாம்பா பேயிடம் 31–9. கான்சஸ் சிட்டியின் முதன்மை டேக்கிள்கள் எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் இருவருமே காயத்தால் ஆடவில்லை. டாம்பாவின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் டாட் போல்ஸ் இரண்டு சேஃப்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு பெரும்பாலும் நாலு பேரை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார். கான்சஸ் சிட்டிக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவிடம் 40–22. அந்த ஆட்டத்தில் கார்டான ஜோ தூனி இடது டேக்கிள் இடத்தில் நின்றார். ஃபிலடெல்பியாவின் டிஃபென்ஸ் பயிற்சியாளரான ஃபேஞ்சியோ ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. ஆறு சாக், அரைநேரத்தில் 24–0. மஹோம்ஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் ஏராளம். அவருக்கு முன்னால் நின்ற ஐவரைப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு பிளே

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல், சூப்பர் பவுல் 49. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. சியாட்டிலின் பந்து 1 யார்டு கோட்டில். இரண்டாவது டவுன். மீதி 26 விநாடி, கையில் ஒரு டைம் அவுட். பின்னால் ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் நிற்கிறார். குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன் எறிகிறார், பேட்ரியாட்ஸின் கார்னர் மால்கம் பட்லர் பறிக்கிறார், ஆட்டம் முடிகிறது.

லிஞ்சிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றுவரை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டவுன், ஒரு டைம் அவுட். ஓட்டம் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடும். டைம் அவுட் ஒரு முறைதான் அதை நிறுத்தும். பிடிபடாத எறிதலோ தானாகவே கடிகாரத்தை நிறுத்திவிடும். மூன்று முயற்சியும் வேண்டுமென்றால் நடுவில் ஒன்றாவது எறிதலாக இருந்தாக வேண்டும். ஆகவே எறிந்தது தவறில்லை. எங்கே எறிந்தார்கள் என்பதில்தான் தவறு.

சியாட்டில் 11 பெர்சனலில் நின்றது. வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள், ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால். முன்னால் நின்ற ஜெர்மேன் கியர்ஸின் வேலை பட்லரின் வழியை மறிப்பது; அந்த மறைவில் பின்னால் நின்ற ரிக்கார்டோ லாக்கெட் உள்ளே வெட்டி ஓடி எறிதலை வாங்க வேண்டும். பேட்ரியாட்ஸ் கனமான கோல் லைன் ஆட்களோடு மூன்று கார்னர்களை இறக்கியிருந்தார்கள். கியர்ஸுக்கு எதிரே பிராண்டன் பிரௌனர். ஒரு காலத்தில் சியாட்டிலுக்கே ஆடியவர். ஸ்னாப் ஆனதும் பிரௌனர் கியர்ஸை நின்ற இடத்திலேயே இரு கையாலும் அழுத்திவிட்டார். மறிக்க வேண்டியவர் நகரவே இல்லை. பட்லருக்கு வழி திறந்தது. அந்த வாரப் பயிற்சியில் இதே பிளேயில் ஏமாந்திருந்ததால் அடுக்கைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. லாக்கெட்டுக்கு முன்பே பந்திடம் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் காட்சியைத் தேடி எடுத்து மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை பிரௌனரின் கைகளை மட்டும், இரண்டாவது பட்லரின் முதல் காலடியை மட்டும், மூன்றாவது முறை பந்தை. புகழ் முழுக்க பட்லருக்குப் போனது; பாதி பிரௌனருடையது.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

எறிதல் தவறினால் உடனே குவார்ட்டர்பேக்கைத் திட்டாதீர்கள். யாருமே இல்லாத இடத்தில் பந்து விழுந்தால் பெரும்பாலும் ரிசீவரும் அவரும் காவலை வேறு வேறாகப் படித்திருப்பார்கள். ஒருவர் நிற்க, இன்னொருவர் ஓடுவார் என்று எறிந்திருப்பார்.

சாக் எல்லாம் முன்வரிசையின் குற்றமும் இல்லை. ஸ்னாப்பிலிருந்து மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டரை விநாடிக்குள் ஆள் வந்துவிட்டால் முன்வரிசை தோற்றது. நாலு விநாடி ஆகியும் பந்து கையிலேயே இருந்தால் பின்காவலர்கள் ஜெயித்தார்கள், அல்லது குவார்ட்டர்பேக் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார்.

கார்னர்பேக்கின் பெயரை ஆட்டம் முழுக்க வர்ணனையாளர் சொல்லவே இல்லையென்றால் அவர் பிரமாதமாக ஆடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கம் பந்தே வரவில்லை.

எப்போது, எப்படிப் பழகுவது

பருவம் செப்டம்பரில் தொடங்கும். 18 வாரத்தில் அணிக்கு 17 ஆட்டம். ஞாயிறு மதிய ஆட்டங்கள் இந்திய நேரத்தில் இரவு 10:30க்கு ஆரம்பம். நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறியதும் 11:30. சூப்பர் பவுல் திங்கள் விடிகாலை 5 மணிக்கு. விழித்திருக்க முடியாவிட்டால் மறுநாள் பதிவைப் பாருங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்பதால் கற்றுக்கொள்ள அதுவே மேல். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைத்தால் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

முதல் ஆட்டத்தில் எல்லாவற்றையும் முயலாதீர்கள், தலை சுற்றும். முதல் கால் பகுதியில் சேஃப்டியை மட்டும் எண்ணுங்கள். இரண்டாவதில் ஒரு பக்கக் கார்டை மட்டும் பாருங்கள். மூன்றாவதில் மோஷன் வரும்போதெல்லாம் யார் கூட ஓடுகிறார் என்பது. நாலாவதில் பந்தையே பாருங்கள். நெருக்கமான ஆட்டமாக இருந்தால் எப்படியும் கண் அங்கேதான் போகும். ஒரு தாளில் ஸ்னாப்புக்கு முன் "ஓட்டம்" அல்லது "எறிதல்" என்று எழுதி, சரியா தவறா என்று குறித்துக்கொள்ளுங்கள். தவறிய பிளேகளை மட்டும் மறுநாள் திருப்பி ஓட்டி, கார்டு என்ன செய்தார் என்று பாருங்கள்.